தகட்டில் நின்ற பாதி வரி

1

இந்தக் கதை ஓர் இரும்புத் தகட்டிலிருந்து வந்தது. பட்டறை மேஸ்திரி அதைப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். வெல்டிங் எழுத்தில் ஒரே ஒரு சொல்: 'ஆம்பளைக்கு'. அதற்குப் பிறகு வெற்றிடம்.

என் மனைவி அந்தப் பட்டறையில் வெல்டர். அங்கே வேலை பார்த்தவர்கள் இறந்தால் சுவரில் படம் மாட்டுவார்கள். படத்துக்குக் கீழே ஒரு தகடு. அதில் ஒரு வரி, வெல்டிங் ராடால் சொட்டுச் சொட்டாக எழுதியது. இதுவரை எல்லோருக்கும் எழுதியவள் அவள்தான். கை நடுங்காது.

['இந்தத் தகடு அவளுக்கானது' என்பதையே முதல் வாக்கியமாக வைத்துப் பார்த்தேன். கதை தொடங்கும்போதே அவள் செத்துவிட்டாள். எடுத்துவிட்டேன்.]

"ஆம்பளைக்கு ஆம்பளையா நின்னவன்னு எழுத ஆரம்பிச்சேன் தம்பி. பாதியில நம்ம பட்டறை ஹெல்பர் அக்கா வந்து மிஷின் சுவிட்சை அணைச்சுட்டாங்க. உங்களைக் கேக்காம எழுதக் கூடாதாம்."

"சரி."

"நாளைக்குப் படம் மாட்டணும்னு முதலாளி சொல்றாரு. நீங்க படிச்சவரு. நல்ல சொல்லா ஒண்ணு சொல்லுங்க."

2

சொற்களுக்குப் பஞ்சமில்லை.

பட்டறையில் அவளை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். கேட் செய்யக் கொடுக்க வருகிறவர்கள், "ஆம்பளை யாரும் இல்லையாம்மா?" என்பார்கள். வேலை முடிந்து போகும்போது, "ஆம்பளை கெட்டான் போ" என்பார்கள். கூலி உயர்த்திக் கேட்ட அன்று முதலாளி அவளை ராங்கி என்றார். கேஸ் சிலிண்டரை அவள் தனியாகத் தூக்கி வைத்ததைப் பார்த்த என் அம்மா என்னிடம் கேட்டாள்: "அப்போ இந்த வீட்ல பொம்பளை யாருடா, நீயா?"

"ஆமா அத்தை," என்றாள் அவள். "உங்க பொண்ணு நல்லா சமைக்கிறா."

அம்மா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

(இங்கே கட்டுரை தலை காட்டுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுமை தூக்கினால் பாராட்டு. குரல் உயர்த்தினால் அதே துணிச்சலுக்கு வசை. 'வீராங்கனை' என்று ஒரு சொல் அச்சில் உண்டு, பட்டறையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளைப் பாராட்ட வேண்டுமானால் முதலில் அவளிடமிருந்து பெண்ணை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.)

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. எப்போதும் சிரிக்கிறாள். எதற்கும் அசைவதில்லை. இப்படி ஒருத்தி இருப்பாளா?

3

கடைசி நாள் காலையில் அவளுக்கு வயிற்று வலி. அவள்

[அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.]

அவசரப் பிரிவில் பக்கத்து பெஞ்சில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார். நல்ல திடகாத்திரமான ஆள். (கதைக்காகச் சேர்த்ததல்ல.) அவரை முதலில் உள்ளே அழைத்துப் போனார்கள்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்க," என்று நர்ஸ் அவளிடம் சொன்னார். "பரவால்ல, சத்தமே போடாம ஆம்பளை மாதிரி தாங்கறீங்க."

அவள் சிரித்தாள்.

குடல்வால் வெடித்திருந்தது. முன்பே உள்ளே போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று எழுதினால் கதைக்கு வலு வரும். எனக்குத் தெரியாது. யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

சாவு வீட்டில் நான் அழவில்லை. "ஆம்பளையா நிக்கிறான் பாரு," என்றார் சித்தப்பா.

4

மேஸ்திரி வந்துபோன மறுநாள் தகட்டோடு பட்டறைக்குப் போனேன். ஹெல்பர் அக்கா என்னைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப் போனார்.

"ஒரு தடவை தீப்பொறி கிளவுஸுக்குள்ள போயிடுச்சு. கையெல்லாம் கொப்புளம். ஆம்பளை மாதிரி நிக்கறா பாருடான்னு எல்லாரும் கை தட்டினாங்க. அவளும் சிரிச்சா. அப்புறம் இங்க வந்து உக்காந்து, வாயைப் பொத்திக்கிட்டு அழுதா."

"அந்த ஒரு தடவையா?"

"வலிக்கிறப்பல்லாம் இங்கதான் வருவா."

"என்கிட்ட சொன்னதே இல்லையே அக்கா."

"நீங்களும் கை தட்டிடுவீங்களோன்னு பயந்திருப்பா."

தொட்டிக்குப் பின்னால் ஒரு செங்கல் கிடந்தது. ஒருவர் உட்காரலாம்.

5

முதல் முடிவு: 'வெல்டர்' என்று மட்டும் எழுதச் சொல்கிறேன். "அது எல்லாருக்குந்தானே பொருந்தும் தம்பி," என்கிறார் மேஸ்திரி.

இரண்டாவது முடிவு: வெறும் தகட்டை மாட்டச் சொல்கிறேன். "எழுத மறந்துட்டாங்கன்னு நினைப்பாங்களே."

மூன்றாவது முடிவில் நான் அந்தச் செங்கல்மேல் உட்கார்ந்து அழுகிறேன். அதை அடித்துவிட்டேன். நடக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மேஸ்திரி கிரைண்டரால் அந்தச் சொல்லைத் தேய்த்து எடுத்தார். அந்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. முதலாளி ஏணி போட்டுப் படத்துக்கு ஆணி அடித்துவிட்டார். மேஸ்திரி ராடோடு காத்திருக்கிறார்.

எனக்குச் சொல் வரவில்லை. நீங்கள் ஒன்று சொல்லுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன் அவள் காதுபட ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

அவள் சிரிப்பாள். அதை நம்பாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, தொட்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.