எலிகளுக்குப் பலித்தது

போனில் ஓடிய சத்தத்தை நிறுத்திய பிறகும் உம்மாவின் கை ஜன்னல் கம்பியை விடவில்லை. விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள் ரூமானா, முடியவில்லை. உம்மாவின் கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, பெங்களூரில் இருக்கும் அண்ணனைத்தான் கூப்பிட்டாள்.

"அண்ணே, உம்மா பேச மாட்டேங்குது. ஜன்னல் கம்பியப் புடிச்ச கைய விட மாட்டேங்குது."

"என்னடி செஞ்ச?" என்றான் உமைர்.

"நீ எலிக்குச் செய்யிறதத்தான்."

ரூமானா மூன்றாவது படிக்கும்போது அத்தாவின் விசைப்படகு கோட்டைப்பட்டினத்துக்குத் திரும்பவில்லை. அன்றிலிருந்து படகு இன்ஜின் சத்தம் கேட்டால் உம்மா அப்படியே நின்றுவிடுவாள். புதுக்கோட்டையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த உமைர், மூளையில் பயம் எங்கே தங்குகிறது என்று ஆராயப் போனதே அதனால்தான். இப்போது பிஎச்டி முடித்துவிட்டான். மேலே ஆராய்ச்சி செய்ய நாளைக்கு ஜெர்மனிக்கு விமானம்.

பெருநாளுக்கு வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே விளக்கினான். மணி அடித்ததும் காலில் ஷாக் கொடுத்துப் பழக்கினால், பிறகு மணிச் சத்தத்துக்கே எலி விறைத்துப்போகும். ஷாக் இல்லாமல் மணியை மட்டும் கேட்க வைத்துக்கொண்டே இருந்தால் பயம் குறையும்.

"அப்ப எனக்கும் மணி அடியேன்டா," என்றாள் உம்மா. சிரித்தது அவள் மட்டும்தான்.

அண்ணன் தூரதேசம் போவதற்குள் குணமாக்கிவிட நினைத்தாள் ரூமானா. துறைக்குப் போய் இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்தாள். தினமும் மதியம் உம்மா படுத்திருக்கையில் மெல்ல ஓடவிட்டாள். உம்மா அசையவில்லை. இன்றைக்குச் சத்தத்தைக் கூட்டினாள். உம்மா எழுந்து ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தன நாளும் அசையாமக் கெடந்துச்சுண்ணே. பயம் போயிருச்சுன்னு நெனச்சேன்."

"பயந்த எலியும் அசையாமத்தான்டி கெடக்கும்." அவன் குரல் இறங்கிப்போனது. "ஒங்கிட்ட நான் அதச் சொல்லலையே."

அடுத்து அவனே சொன்னான்:

"நான் பொறப்பட்டு வாரேன்."

"ஜெர்மனி?"

"கெடக்குது விடு."

உம்மாவின் உதடு அசைந்தது. "எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லு. அவன் போகட்டும்."

"உம்மா பேசிருச்சுண்ணே," என்றாள் ரூமானா அழுதுகொண்டே. "ஒண்ணுமில்லையாம். ஒன்னயப் போகச் சொல்லுது."

உம்மா அவளையே பார்த்தாள். விரல்கள் கம்பியில் வெளுத்துப்போயிருந்தன.

உமைர் கேட்டான்: "கைய விட்டுருச்சா?"