முதல் விள்ளல்

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள அந்தக் கடலைமிட்டாய்க் கடையின் பலகையில் வேறு பெயர் எழுதியிருக்கிறது. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'குண்டண்ணாச்சி கடை' என்று சொன்னால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும்.

குண்டண்ணாச்சி என்பது மணிகண்டபிரபு. வயது நாற்பதை நெருங்குகிறது, எடை நூற்றைம்பது கிலோவைத் தாண்டிவிட்டது. அவனுக்கென்றே கைப்பிடி இல்லாமல் செய்த அகலமான வாகை மர நாற்காலி ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். வாடிக்கையாளர் யார் வந்தாலும் தட்டிலிருக்கும் மிட்டாய்ப் பாளத்தின் ஓரத்தை உடைத்து, முதல் விள்ளலைத் தன் வாயில் போட்டுக்கொள்வான். இரண்டாவது விள்ளலை வந்தவர் கையில் கொடுப்பான். "நான் தின்ன பெறவுதான் நீங்க" என்று கண்ணைச் சுருக்கிச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கே ஒரு கிலோ கூட வாங்கிப்போகிறவர்கள் உண்டு.

இந்த வழக்கத்தைத் தொடங்கியது அவன் அப்பா வேல்சாமி. பள்ளிக்கூடம் விட்டு வரும் கொழுகொழு மகனை மேசைமேல் தூக்கி உட்காரவைத்து ஊட்டிவிடுவார். பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், பார்த்தவர்கள் வாங்குவார்கள். மிட்டாய்ப் பாக்கெட்டில் சிரிக்கும் கன்னம் உப்பிய பையனின் படம் அப்போது எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. வேல்சாமி இறந்த பிறகு அண்ணன் ஹரிஹரசுதன் கடலை கொள்முதல், வெல்லப்பாகு அடுப்பு, வெளியூர் பார்சல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். உட்கார்ந்து தின்பது மட்டும் தம்பியின் வேலையாக இருந்தது. வேறு வேலை எதையும் யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. இப்போது யூடியூப்காரர்களும் அவனைத் தேடி வருகிறார்கள்.

சித்திரை மாதத்தில் ஒரு நடுப்பகல், வாயில் மிட்டாயோடு நாற்காலியிலேயே தூங்கிப்போனான். மூச்சு அடைத்து, முகம் நீலம்பாரித்துச் சரிந்தான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று மதுரை மருத்துவர் வரிசையாகச் சொன்னார். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய்போலத் தைத்துவிட வேண்டும் என்றார். இல்லாவிட்டால் இன்னொரு முறை இப்படிச் சரியும்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம் என்றும் சொன்னார்.

மறுப்பான் என்று எல்லோரும் நினைத்த அண்ணன் உடனே சம்மதித்தான். ஆனால் மதுரை வேண்டாம் என்றான்.

"துருக்கிக்குப் போலே. ஏஜென்ட்கிட்ட பேசிட்டேன். ஏர்போர்ட்டுக்கே கார் வந்துரும். ஆபரேசன், ஓட்டல், கடைசி நாள் கப்பல்ல ஒரு ரவுண்டு, எல்லாம் சேத்து ஒரே பேக்கேஜ்."

"வயித்த அறுக்கதும் ஊரு சுத்திக் காட்டுததும் ஒரே ஆளா அத்தான்?" என்றாள் மணிகண்டபிரபுவின் மனைவி சத்யபிரியா. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"மதுரையில படுத்தா என்னாவும் தெரியுமா? மறுநாளே நம்ம ஊரு பாதி பேரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிரெட்டுமா வார்டுல வந்து நிப்பாவ. கடலைமிட்டாய்க்காரனுக்கு மிட்டாய் தின்னே வயித்த அறுத்துட்டாவன்னு ஒருத்தன் போன்ல போட்டுட்டாப் போதும். பெறவு கடையை இழுத்துப் பூட்டிட்டு எல்லாரும் தீப்பெட்டி ஒட்டப் போவணும்."

"அங்கன தையல் போட்டு ஒரே வாரத்துல பிளேன் ஏத்தி விட்டுருவான். இங்கன வந்து தையல் விட்டுப்போனா யாரு பாப்பா?"

"நீ ஏன் விட்டுப்போவும்னே பேசுத?"

"தச்சவன் அடுத்த தெருவுல இருந்தா நானும் பேச மாட்டேன்."

மணிகண்டபிரபு ஏஜென்ட் அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். பருத்த ஒருவன் கடற்கரைச் சாலையில் மூச்சு வாங்க நடக்கிறான். அடுத்த காட்சியில் அதே சாலையில் அதே ஆள் பாதியாக இளைத்து, கையை வீசிக்கொண்டு போகிறான். யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மணிகண்டபிரபுவுக்கு அதுதான் பிடித்திருந்தது.

சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சத்யபிரியாவிடம் போய் நின்றான். படியேறி வந்ததற்கு வெகுநேரம் மூச்சு வாங்கியது.

"அங்கன என்னையப் பாத்து எவனும் சிரிக்க மாட்டான்லா?"

"சிரிக்கதுக்கு அவனுக்குத் தமிழ் தெரியணுமாக்கும்."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "மதுரையில படுத்தா நான் அங்கயும் குண்டண்ணாச்சிதான் பிரியா. வாரவன் எல்லாம் செல்பி எடுப்பான். ஒரே ஒருக்க, என்னைய யாருன்னே தெரியாத ஊர்ல நடந்து பாக்கணும்" என்றான்.

மடித்த துணியை அவள் மறுபடி உதறி மடித்தாள். அதற்கு மேல் வாதாடவில்லை. திருநெல்வேலியில் ஒரு மருத்துவரைத் தேடிப் பிடித்து, துருக்கியிலிருந்து வந்த பிறகு கவனித்துக்கொள்ளச் சம்மதம் வாங்கினாள். அவளும் கூடவே போவது என்று முடிவானது. தம்பி கடலை எடுக்க ஆந்திரா போகிறான் என்று ஊருக்குச் சொல்ல அண்ணன் ஒரு பொய்யும் தயார் செய்துவிட்டான்.

ஆடிக் கடைசியில் விசாவுக்காக மணிகண்டபிரபுவும் சத்யபிரியாவும் சென்னை போனார்கள். திரும்பி வந்து ரயிலைவிட்டு இறங்கியதும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தன் ஆட்டோவைக் கடைக்கு விடச் சொன்னான். சட்டைப் பாக்கெட்டில் விண்ணப்ப ரசீது இருந்தது. அதை அண்ணனிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

கடை முன்னால் கூட்டம். நான்கைந்து போன்கள் உயர்ந்திருந்தன. சிரிப்புச் சத்தம்.

வாகை மர நாற்காலியில் இசக்கிதுரை உட்கார்ந்திருந்தான். எப்போதும்வென்றான் ஊர்ப்பக்கம் இருக்கும் மாமாவின் மகன். நல்ல தடியன், ஆனால் நாற்காலியில் இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. மணிகண்டபிரபு போடுவதுபோலவே மஞ்சள் சட்டை. பாளத்தை உடைத்து வாயில் போட்டு, "நான் தின்ன பெறவுதான் நீங்க" என்றான். சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னும் நல்லா வாயத் தொறந்து சிரிலே," என்று பின்னாலிருந்து ஹரிஹரசுதன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

தம்பியைப் பார்த்ததும் அவன் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனான். அண்ணன் முகத்தில் கூச்சமே இல்லை.

"நீ துருக்கி போய்ட்டு வந்த பெறவு ஒரு விள்ளல்கூட திங்க ஏலாதுல்லா. நாற்காலி சும்மா கெடந்தா யாவாரம் என்னத்துக்கு ஆவும்? வெதச்ச உளுந்து எல்லாம் போன மார்கழி மழையில போச்சுன்னு இவனும் வீட்லதான் கெடந்தான். சதைதான் பத்தல. நம்ம அம்மைகிட்ட சொல்லி மத்தியானம் ரெண்டு கரண்டி கூடப் போடச் சொல்லியிருக்கேன்."

"அப்பம் நான்?"

"நீ குடோன்ல இரு."

"குடோன்ல என்ன செய்ய?"

ஹரிஹரசுதன் உண்மையாகவே யோசித்தான். கடலை ரகம் பார்க்கத் தம்பிக்குத் தெரியாது. பாகுப் பதம் தெரியாது. கணக்கும் தெரியாது. "பாப்போம்லே. மொதல்ல மெலிஞ்சுட்டு வா" என்றான்.

இதற்குள் இசக்கிதுரை எழுந்துவிட்டான். "அத்தான், நீங்க உக்காருங்க. எனக்கு இது ஒத்துக்கிடல. காலையில இருந்து தின்னு தின்னு பல்லெல்லாம் கூசுது."

கூட்டத்தில் நின்ற ஒருத்தி போனை இரண்டு பேர் பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பினாள். "உண்மையான குண்டண்ணாச்சி யாரு? அவரா, இவரா?"

யாரோ சிரித்தார்கள். மணிகண்டபிரபு நாற்காலியைப் பார்த்தான். பிறகு போய் உட்கார்ந்தான். அது நிரம்பியது. பாளத்தை உடைத்து முதல் விள்ளலை வாயில் போட்டான். இரண்டாவதை அந்தப் பெண்ணிடம் நீட்டினான். "நான் தின்ன பெறவுதான் நீங்க."

கைதட்டினார்கள்.

இசக்கிதுரைக்கு இரண்டு பாக்கெட் மிட்டாய் கொடுத்து அனுப்பினார்கள். பேருந்து ஏறும் முன் அவன் மணிகண்டபிரபுவிடம், "வேலை கெடச்சிருச்சின்னு ஊர்ல சொல்லிட்டு வந்துட்டேன் அத்தான்" என்றான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க மணிகண்டபிரபுவால் முடியவில்லை. இன்னொரு பாக்கெட்டை எடுத்து அவன் கையில் திணித்தான்.

புரட்டாசியில் விசா குத்திய இரண்டு பாஸ்போர்ட்டுகளும் ஒரே உறையில் தபாலில் வந்தன. சத்யபிரியா பள்ளி விட்டு நேராகக் கடைக்கு வந்து உறையை மேசைமேல் வைத்தாள்.

"ஏஜென்ட் தேதி கேக்கான். லீவு எழுதிக் குடுக்கணும், என்ன சொல்ல?"

"தீபாவளி யாவாரம் முடியட்டும்."

"துருக்கி பயமா இருந்தா மதுரைக்கே போவோம். ஹார்லிக்ஸ் வந்தா வரட்டும், நான் குடிச்சுக்கிடுதேன்."

"தீபாவளி முடியட்டும் பிரியா."

"எந்தத் தீபாவளி?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். கடை முன்னால் வேன் ஒன்று வந்து நின்றது. "குண்டண்ணாச்சி!" என்று பிள்ளைகள் ஜன்னல் வழியே கத்தினார்கள். அவன் கை தானாகப் பாளத்தின் ஓரத்துக்குப் போனது. கல்லாவிலிருந்த ஹரிஹரசுதன், "ஏலே மணி, அப்பம் ஏஜென்ட்டுக்கு வேண்டாம்னு சொல்லிரவா?" என்று சந்தோஷமாகக் கேட்டான்.

மணிகண்டபிரபுவின் வாய் நிறைய மிட்டாய் இருந்தது. அவன் விழுங்கி முடிக்கட்டும் என்று சத்யபிரியா உறையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்து நின்றாள். அவன் விழுங்குவதற்குள் வேனிலிருந்து அடுத்த ஆள் இறங்கி வந்து கையை நீட்டினான். மணிகண்டபிரபு மறுபடி உடைத்தான்.