வேரில்லாத நூல்கோல்

ஒரே ஒரு நூல்கோலைப் பிடுங்கி ஒரு முழுப் படையைக் கம்பி எண்ண வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து 'காலைப்பனி' தோட்டச் சங்கத்தில் இருக்கிறார். பெயர் ஒட்டோமார் கிளெப்சிக், ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர். படையில் எத்தனை பேர் என்று கேட்டால் நாற்பதாயிரம் என்பார். இரண்டாவது பீர் உள்ளே போனதும் பீரங்கியும் வந்து சேரும்.

அவர் பேச்சை லேசில் ஒப்புக்கொள்ளாத ஜீவன் அந்தச் சங்கத்தில் ஒன்று உண்டு: தலைவி ரோஸ்விதா, முன்னாள் பூகோள டீச்சர். சூரியன் கிழக்கே உதித்தது என்று ஒட்டோமார் சொன்னால், திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

நடந்தது இதுதான். வசந்தம் பிறந்ததும் மூலைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தான் ஃபால்க் என்ற இளைஞன். ஒட்ட வெட்டிய தலை, இஸ்திரி போட்ட சட்டை, எதிரே வருகிற பூனைக்கும் வணக்கம். ரோஸ்விதாவின் தள்ளுவண்டி சேற்றில் சிக்கியபோது ஓடிவந்து தூக்கிவிட்டவனும் அவனே. சனிக்கிழமை தோறும் கூட்டாளிகள் இருவர் வருவார்கள். வெள்ளை ரத்தம், வெள்ளை மண் என்று வேலிக்குப் பின்னாலிருந்து பாட்டுக் கிளம்பும். அந்த முள்வேலியோ, ஒட்டோமார் கணக்கில், விமானங்கள் சுற்றிக்கொண்டு போகிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டம் அப்ரெஹெத்துடையது. எரித்ரியாவிலிருந்து வந்தவள், மருத்துவமனையில் நர்ஸ். அவள் போடும் மிளகாய்க்குப் பக்கத்துத் தக்காளியெல்லாம் வியர்க்கும். முதலில் அவளுடைய மரவீட்டின் பெயர்ப்பலகை காணாமல் போயிற்று. அப்புறம் கதவில் கறுப்பு மையில் எழுத்து: 'இந்த மண்ணில் உனக்கு வேர் இல்லை.' கடைசியாக மழைத் தண்ணீர்ப் பீப்பாயில் பெட்ரோல். அது தெரியாமல் ஊற்றிய தண்ணீரில் மிளகாய்ச் செடி முழுதும் கருகிப்போயிற்று. போலீஸ் வந்தது, பார்த்தது, எழுதிக்கொண்டது, போயிற்று.

"சனிக்கிழமை சங்கத்தோட தோட்டச் சோதனை முடிஞ்சதும் தோட்டத்தை விட்டுட்டு சாவியைக் குடுத்துடறேன், பெரியவரே," என்றாள் ஒட்டோமாரிடம். "என் பிள்ளைகளை இனிமே இங்க கூட்டிட்டு வர பயமா இருக்கு."

ஒட்டோமாருக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, வழக்கமான ஆறு உருளைக்கிழங்கில் ஒன்றைத் தட்டில் மிச்சம் வைத்தார்.

அன்று சாயங்காலமே சங்கக் கூடத்தில் போர்.

"ரோஸ்விதா, இது பெட்ரோல். நாளைக்குத் தீக்குச்சி."

"பெரிசு பண்ணாதே. மூணு பசங்க. நாம பதறினா அதுதான் அவங்களுக்குத் தீனி. கண்டுக்காம விட்டா தானா அடங்கும்."

"நத்தையைக் கண்டுக்காம விட்டுப் பார்த்திருக்கியா? உன் முட்டைக்கோஸ் என்ன ஆச்சு?"

கூடம் சிரித்தது. ரோஸ்விதா சிரிக்கவில்லை.

"பெட்ரோல் ஊத்தினது அவன்தான்னு நீ கண்ணால பார்த்தியா? இல்ல. அப்ப அவன் கொள்கைக்காகத்தான் அவனை வெளிய தள்ளச் சொல்ற. இது கிழக்கு ஜெர்மனியா இருந்த நாப்பது வருஷமும் அரசாங்கமே நம்ம வேலிக்கு மேல எட்டி எட்டிப் பார்த்துச்சு. யார் என்ன பாடறான், யார் வீட்டுக்கு யார் வரான்னு. அந்த வேலையை நான் பண்ணமாட்டேன், ஒட்டோமார். செத்தாலும் மாட்டேன்."

அது நியாயம்தான். ஒட்டோமார் மீசையைத் தடவினார்.

"சரி, எட்டிப் பார்க்க வேண்டாம். வாசல் வழியாவே போவோம். மூணுல ஒரு பங்கு நிலத்துல காய்கறி இருக்கணும், இல்லேன்னா குத்தகை ரத்து, இது சங்கத்துச் சட்டம். அவன் தோட்டத்துல புல்லும் கொடிக்கம்பமும் தவிர வேற என்ன இருக்கு? சோதனையில எல்லார் தோட்டத்துக்கும் போற, அவன் தோட்டத்துக்கு மட்டும் போகாம விடுவியா?"

சட்டம் என்றதும் ரோஸ்விதாவின் முதுகு நிமிர்ந்தது. "யாரையும் விடமாட்டேன்," என்றார்.

போலீசுக்குப் பயப்படாதவன் லைப்சிக்கில் இருப்பான். தோட்டச் சோதனைக்குப் பயப்படாதவன் இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

சனிக்கிழமை காலை. ரோஸ்விதா மூலைத் தோட்டத்தின் கதவைத் திறந்தார், ஒட்டோமார் பின்னாலேயே நுழைந்தார். நேற்றுவரை புல்லாய்க் கிடந்த இடத்தில் காய்கறி தளதளவென்று நின்றது! நூல்கோல், லீக்ஸ், முள்ளங்கி, வரிசை வரிசையாக. கூட்டாளிகள் இருவருக்கும் நடுவில் ஃபால்க் கைகட்டிப் புன்னகைத்தான்.

"சட்டப்படி இருக்கா, அம்மா?"

"இருக்கு," என்றார் ரோஸ்விதா. ஒட்டோமாரைப் பார்த்த பார்வையில், நான் அப்பவே சொன்னேனே என்று எழுதியிருந்தது. கதவுக்கு வெளியே அப்ரெஹெத் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

ஒட்டோமார் குனிந்தார். முள்ளங்கி முளைத்திருந்தது, கட்டுக் கட்டாக. ஒவ்வொரு கட்டிலும் ரப்பர் பேண்டு.

சிரிப்பு அவருக்கு முழங்காலிலிருந்து கிளம்பியது. "ரோஸ்விதா! ரப்பர் பேண்டோட முளைக்கிற ரகம் உனக்குத் தெரியுமா? விதை இருந்தா எனக்கும் குடுக்கச் சொல்லு!" பக்கத்து நூல்கோலைப் பிடித்து ஓர் இழுப்பு. வெண்ணெயிலிருந்து வருகிற மாதிரி வந்தது. அடியில் வேரே இல்லை, கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டுதான் இருந்தது.

அதை அப்ரெஹெத்துக்குத் தூக்கிக் காட்டினார். "பாரும்மா! உனக்கு வேர் இல்லேன்னு எழுதினவன் வளர்த்த நூல்கோல்!"

வெளியே கூடியிருந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் மூன்று தெருவின் ஜன்னல்கள் ஆடின. ஃபால்க்கின் புன்னகை மட்டும் செத்தது. "அதுல கை வைக்காதே, கிழவா!" என்று பாய்ந்து ஒட்டோமாரின் கையை முறுக்கினான். ஒட்டோமார் தடுமாறி மிதித்த இடத்தில் மண் உள்வாங்கியது. 'டங்' என்றது தகரம்.

கெட்டித் தரையில் நட முடியாமல், ஏற்கெனவே தோண்டி மூடிய இடத்திலேயே நட்டிருக்கிறார்கள், மடையர்கள்.

"கையை எடு," என்றார் ரோஸ்விதா. பூகோள டீச்சரின் பழைய குரல். ஃபால்க் எடுத்துவிட்டான். மண்வெட்டியை வாங்கி ரோஸ்விதாவே தோண்டினார். தகரப்பெட்டிக்குள் துணி அடைத்த பெட்ரோல் புட்டிகள், இரண்டு துப்பாக்கிகள். அவற்றின்மேல், வேட்டையில் அடித்த மிருகத்தின் தலையைப் போல, அப்ரெஹெத்தின் பெயர்ப்பலகை.

ரோஸ்விதா அந்தப் பலகையைக் கையில் எடுத்துத் துடைத்தார்.

மூவரும் ஓடினார்கள். வாசலில் களைக்கொத்தும் கடப்பாரையுமாகச் சங்கமே நின்றது. மிச்சமிருந்தது வேலி. யார் கண்ணிலும் படாமலிருக்க அவர்களே வளர்த்த முள்வேலி. மூவரும் அதில் ஏறினார்கள், பாதியில் மாட்டினார்கள். போலீஸ் வந்து, தோட்டக் கத்தரி கடன் வாங்கி, கால்சட்டைகளில் பாதியை வேலிக்கே தானம் பண்ணிவிட்டு அவர்களைப் பிரித்தெடுத்தது.

அப்ரெஹெத் சாவியைத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "நூல்கோலை என்ன பண்ணப் போறீங்க, பெரியவரே?"

"கண்காட்சியில வைப்பேன்."

"குடுங்க. குழம்புல போடறேன்."

அடங்காத சந்தோஷத்தோடு கோடை விழா வந்தது. அப்ரெஹெத்தின் மரவீட்டில் மீண்டும் மாட்டிய பெயர்ப்பலகைக்குக் கீழே பெரிய பாத்திரம். மிளகாய்க் குழம்பில் ஒட்டோமார் கண்ணீர் வடித்துக்கொண்டே நாற்பதாயிரம் பேரையும் மறுபடி பிடித்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பதிக்கு நம்பிக்கை வரவில்லை. "ரோஸ்விதாம்மா, நீங்க சொல்லுங்க. இதெல்லாம் நடந்ததா?"

ரோஸ்விதா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாற்பதாயிரம் இல்ல, மூணு பேர். பீரங்கியும் இல்ல." ஒட்டோமாரைப் பார்த்தார், அவர் வாய் காதுவரை போயிருந்தது. "ஆனா அந்த மூணு பேரையும் சும்மா பசங்கன்னு சொன்னவ நான். இந்த வாயாடி ஒரு நூல்கோலைப் பிடுங்கினான், மிச்சத்தை நானே தோண்டினேன். போதுமா? நடந்தது."