பதினேழாம் குழாய்

மார்ச்சில் வெயில் தலைகாட்டிவிட்டால் வெர்மான்ட்டில் யாரும் நிம்மதியாக உட்கார முடியாது. மேப்பிள் மரங்கள் பாகு காய்ச்சும் இனிப்புச் சாற்றை விடும் சில வாரங்கள் அவை. விட்டால் போச்சு, இனி அடுத்த வருஷம்தான்.

கோலெட் காலையிலிருந்து கணினித் திரைக்கு முன்னால் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். மலைச்சரிவு முழுக்க மரத்துக்கு மரம் குழாய் ஓடியது. கொட்டகையிலிருந்த பம்பு அதன் வழியே சாற்றை உறிஞ்சி இழுத்தது. ஒவ்வொரு குழாயின் கோடியிலும் உள்ளங்கை அளவில் ஒரு சென்சார். இழுவை எவ்வளவு என்று நிமிடத்துக்கு ஒரு தரம் அளந்து, கம்பியில்லாமல் பக்கத்துச் சென்சாருக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். இப்படிக் கைமாறிக் கைமாறித் திரைக்கு வந்து சேரும். கைபேசி எட்டாத ஓடைப் பள்ளத்திலிருந்துகூட அந்தப் பெட்டிகள் ஊர்வம்பு போலச் சேதி கடத்தின. குழாய் நன்றாக இருந்தால் இழுவை இருபத்தாறு. அணில் கடித்து ஓட்டை போட்டால் எண் சரியும்.

காலையில் ஓடைப் பள்ளத்துப் பதினேழாம் குழாயின் எண் சரிந்தது. "போய்ப் பாரு, சாறெல்லாம் வீணாப் போகுது" என்று கணவனை விரட்டியவள் அவள்தான். ரோலண்டுக்கு இலையுதிர் காலத்தில்தான் இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில் பதினேழு இருபத்தாறுக்கு ஏறியது. அடைத்துவிட்டான் என்று அவளும் நிம்மதியானாள்.

சாப்பாட்டு வேளை தாண்டியும் ஆள் வரவில்லை. பதினேழு மறுபடி விழுந்தது. ஏறியது. விழுந்தது.

"சனியன் பிடிச்ச அணில்!" என்று மேசையைத் தட்டினாள்.

அடுப்படியில் சாறு காய்ச்சிக்கொண்டிருந்த கொழுந்தன் கில்பர்ட் சிரித்தான். "அணிலையும் கூப்பிட்டு வேலைக்கு வச்சுக்கோ கோலெட். உங்கிட்ட திட்டு வாங்க இன்னும் ஒரு ஆளு."

"உங்க அண்ணன் இன்னும் வரல, உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"எங்கயாவது உக்காந்து சிகரெட் பிடிப்பான். நீதான் பாக்கலையே!"

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் உடம்பு கேட்கவில்லை. வாசலுக்குப் போனாள், வந்தாள். காபியை ஊற்றி, குடிக்காமல் வைத்தாள். திரையில் பதினேழு அதே மாதிரி விழுவதும் ஏறுவதுமாக இருந்தது. சென்சார் பழுதோ என்று அதையும் ஒரு பாட்டம் திட்டினாள்.

ஏறும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"கில்பர்ட், அணில் குழாயைக் கடிக்கும். கடிச்ச ஓட்டையத் திரும்ப அடைக்குமா?"

கில்பர்ட்டின் கரண்டி நின்றது.

"பனியில இழுக்குற ஸ்லெட் வண்டிய எடுத்துக்கிட்டுப் பின்னாடி வா!"

"நான் நகந்தா பாகு கருகிடும்..."

"கருகட்டும்!"

முழங்கால் ஆழப் பனியில் விழுந்து எழுந்து ஓடினாள். நான்தானே அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஓடைக்கரையில் ரோலண்ட் மல்லாந்து கிடந்தான். வலது கால் பார்க்கச் சகிக்காத விதத்தில் மடங்கியிருந்தது. பிடுங்கிய குழாயின் முனை நெஞ்சின் மேல் இருந்தது. நீலம் பாரித்த கட்டைவிரலால் அதை மூடினான். உதடு அசைய அறுபதுவரை எண்ணினான். பிறகு விரலை எடுத்தான். அவளைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை.

கோலெட் அந்தக் கையைப் பிடித்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏன் அழுவுற? கால்தான் போச்சு." அவனுக்குப் பல் தந்தியடித்தது. "சத்தியமா எனக்குப் பயமே வரல கோலெட். முதல் தடவை விரலை எடுத்தப்பவே உனக்குப் புரிஞ்சிருக்கும், நீ கெளம்பியிருப்பேன்னு எனக்குத் தெரியும்."

மேலே சரிவில் கில்பர்ட் கூப்பிடும் சத்தம் கேட்டது. கோலெட் அவனுக்குப் பதில் குரல் கொடுத்தாள். ரோலண்டிடம் ஆமாம் என்று மட்டும் தலையாட்டினாள்.