ரேகைப் பூட்டு

மனிதன் பிறந்ததிலிருந்து சாகும்வரை தேடி அலைவது மன அமைதி ஒன்றைத்தான். டைல்ஸ் கடை முதலாளி இதைத் தன் புதுவீட்டுப் பிரார்த்தனை அறையைத் திறந்துவைத்த அன்று, கையில் கத்தரிக்கோலோடு சொந்தபந்தங்கள் முன்னால் சொன்னார். சொன்ன கையோடு, சுவரில் பதித்திருந்த கல் எந்தக் கப்பலில் வந்தது என்று விளக்க ஆரம்பித்தார். சாப்பாடு ஆறிப்போனது. அமைதியும் அன்றைக்கு வரவில்லை.

அறைக்குள் மறைத்துவைத்த விளக்குகள், வாசனை தூவும் எந்திரம், விரல் வைத்தால் திறக்கும் கதவு. அவர் மனைவியின் தம்பி லிப்ட் மெக்கானிக். பூட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "சாமிய உள்ள வச்சுப் பூட்டுறீங்களா, வெளிய வச்சா அத்தான்?" என்று கேட்டான்.

"கல்லு என்ன வெலன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியாது. அக்கா இன்னும் சமையலறை ஜன்னல் பக்கந்தான் கும்பிடுது, அது தெரியும்."

அந்த அக்கா இப்போது ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தாள். இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். முதலாளி தெரிந்த வித்தையெல்லாம் காட்டிவிட்டார். இதைவிட உசத்தி வால்வு இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து இறக்கலாமா, இன்னும் பெரிய டாக்டர் யாராவது உண்டா. "இருக்கறதுலயே நல்லதுதான் சார் வைக்கிறோம். நீங்க போய் உட்காருங்க" என்றார் டாக்டர். வாங்குவதற்கு ஒன்றுமில்லாத கடையில் முதலாளி இதற்கு முன் நின்றதில்லை.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் மச்சான் உட்கார்ந்திருந்தான். வேலையிலிருந்து நேராக ஓடி வந்தவன், சட்டையில் கிரீஸ். தள்ளினால் மட்டும் கிளம்பும் ஸ்கூட்டர் வைத்திருக்கிறான், பிழைக்கத் தெரியாதவன் என்று முதலாளியே பலரிடம் சொல்லியிருக்கிறார். கண் மூடியிருந்தான். இமையோரம் ஈரம். ஆனால் முகம், பெரிய சுமையை நம்பிக்கையான ஆளிடம் மாற்றிவிட்டவனின் முகம். முதலாளிக்கு முதல்முறையாக ஒருவன்மேல் பொறாமை வந்தது, அதுவும் இவன்மேல்.

"சாமிகிட்ட என்னடா கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல. அக்கா உன் கையில இருக்குன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா? நல்லா ஆகணும்னு கேக்கலியா?"

"அவருக்குத் தெரியாததா அத்தான்."

"ஆகலேன்னா?"

"அப்பவும் அவர் கையிலதான இருக்கும்" என்றான். குரல் உடைந்தது, சொல் உடையவில்லை.

நர்ஸ் வந்து, கண் விழித்ததும் குளிரும், வீட்டிலிருந்து நல்ல போர்வை கொண்டுவாருங்கள் என்றாள். முதலாளி தானே போனார். போர்வையை எடுத்துக்கொண்டவர், பிரார்த்தனை அறை வாசலில் நின்றார். எந்த நாளுக்காகக் கட்டினோமோ அந்த நாள் இதுதான் என்று தோன்றியது. விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தார். கட்டைவிரல், இடது கை, எல்லாவற்றுக்கும் சிவப்பு.

அங்கேயே தரையில் உட்கார்ந்தார். காலமெல்லாம் விற்ற டைல்ஸ் இவ்வளவு குளிரும் என்று அவருக்குத் தெரியாது. போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரும் கேட்கவில்லை என்று இருபக்கமும் பார்த்துவிட்டு, மச்சான் சொன்னதை அப்படியே சொன்னார். வேறு வார்த்தை அவரிடம் இல்லை.

பூட்டில் பதிந்திருந்தது தினமும் உள்ளே போய்ப் பெருக்கும் வேலைக்கார அம்மாளின் விரல்ரேகை மட்டும்தான்.