தொந்திக் குன்றில் ஏறிய வீடு

தொந்திக் குன்றுக்கு இந்தப் பக்கம் நாத்தனார் ருடெசிண்டா. அந்தப் பக்கம் கூடப் பிறந்த தங்கை செல்மிரா. எதெல்வினா நாற்பத்தோரு வருஷமாக இந்தப் பக்கம்தான் குடியிருந்தாள். அவள் சமையலறை ஜன்னலுக்கும் நாத்தனார் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் எட்டே அடி.

"எதெல்வினா, வெங்காயம் கருகுது."

"கருகல மதினி, செவக்குது."

"செவந்தா இப்படியா நாறும்? எந்தம்பிக்கு வயிறு ஆகாது, தெரியுமில்ல?"

தன் நாக்கை மட்டும் நம்பி ஒரு பானையைக்கூட எதெல்வினா இதுவரை இறக்கியதில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள், அகப்பையை மேசைமேல் வைத்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்.

"வீட்டை மாத்திரலாம்."

நோல்பெர்த்தோ வானொலிப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தான். "எங்க?"

"குன்றுக்கு அந்தப் பக்கம். செல்மிரா தன் நிலத்துல ஒரு மூலை தர்றேங்கறா."

"அக்கா என்ன சொல்லுமோ."

"அவங்க சொல்றது காதுல விழக்கூடாதுன்னுதான போறோம்."

"சரி" என்றான் நோல்பெர்த்தோ. அன்று சாயங்காலமே ருடெசிண்டா வந்து, "வீட்டை நகத்தினேன்னா எம் மூஞ்சில முழிக்காதே" என்றபோதும் "சரி" என்றான். அவன் வாயில் அந்த ஒரு சொல்தான் தேயாமல் இருந்தது.

சிலோயே தீவுக்காரர்கள் வீடு மாறினால் சட்டிபானையை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அல்ல. வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறவர்கள். மர வீடுதானே. அடியில் இரண்டு நெடுங்கட்டைகளைக் கொடுத்து, மாடுகளைப் பூட்டி, ஊர் கூடி இழுத்தால் போகவேண்டிய இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வேலைக்கு மிங்கா என்று பெயர். கூலி கிடையாது, வயிறாரச் சாப்பாடு உண்டு. ஆனால் வீடு எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேதான் பந்தி. பந்தி போட்டாயிற்றென்றால் வீடு சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் எவனும் கயிற்றைத் தொடமாட்டான்.

பிப்ரவரியில் மழை விட்ட ஒரு காலையில் பதினான்கு சோடி மாடுகள் வந்து நின்றன. மிங்காவை நடத்துகிறவர் அப்டோன். எண்பது கிலோ உடம்பு, அதில் பாதி குரல்.

"தங்கச்சி, கட்டிலை வெளிய எடுத்தாச்சா?"

"கட்டில் வாசல்ல நுழையாது அண்ணே. கட்டிலைப் போட்டுட்டுத்தான் வீட்டையே கட்டினாரு உங்க சிநேகிதரு."

எல்லோரும் நோல்பெர்த்தோவைப் பார்த்தார்கள். "சரி" என்றான் அவன்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அப்டோன். "ஏய், பூட்டுங்கடா!"

மாடுகள் முக்கின. கட்டைகள் முனகின. வீடு ஒரு தடவை தும்மிவிட்டு நகர்ந்தது. எதெல்வினா கூடவே நடந்தாள். நாத்தனாரின் ஜன்னல் பத்தடி ஆயிற்று, இருபதடி ஆயிற்று, ஆப்பிள் மரங்களுக்குப் பின்னால் மறைந்தும் போயிற்று. ஜன்னலில் ஆளைக் காணோம். அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்கவேண்டும். ருடெசிண்டா ஜன்னலில் இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்.

தொந்திக் குன்று பேருக்கேற்றபடி கீழே சாதுவாகத் தொடங்கி, நடுவில் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தத் தள்ளலில் வீட்டை ஏற்ற மூன்று மணி நேரம் பிடித்தது. உச்சியில் ஏறியபோது ஆட்களுக்கு நாக்கு வெளியே, மாடுகளுக்கு அதற்கும் வெளியே. அங்கே புல்மேல் துணி விரித்து, பக்கத்தில் குதிரையைக் கட்டிவிட்டு, இரண்டு அண்டாக்களோடு ருடெசிண்டா உட்கார்ந்திருந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு. கிழங்கு அடை ஒரு கூடை. ஆப்பிள் கள் ஒரு பீப்பாய்.

"வாங்கப்பா, வாங்க. பாவம், வேர்த்து ஊத்துது. அப்டோன், நீ முதல்ல பிடி."

அப்டோன் தட்டைப் பிடித்தார். ஒரு வாய், இரண்டு வாய், எலும்பை உறிஞ்சி மூன்றாவது வாய். அதற்குள் பதினான்கு மாட்டுக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கட்டைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த எதெல்வினா ஓடிவந்து பார்த்தபோது அண்டாவின் அடி தெரிந்தது.

"அண்ணே! என்ன காரியம் பண்றீங்க?"

அப்டோன் தட்டைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். மெல்லுவது நின்றது.

"அடடா" என்றார். "பந்தி ஆயிருச்சே."

"ஆயிருச்சு" என்றாள் ருடெசிண்டா, கையைத் துடைத்துக்கொண்டே. "வீடு சேந்தாச்சு. நல்ல இடம், காத்தோட்டம். எங்க வீட்டுல இருந்து கூப்பிட்டா கேக்கும். எனக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எதெல்வினா புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் கையிலும் தட்டு இருந்தது.

"நீங்களுமா?"

"அக்கா குடுத்துச்சு."

"அண்ணே, ஒரு வாய் தெரியாம சாப்பிட்டதுக்கெல்லாமா கணக்கு? மாட்டைத் தட்டுங்க."

"நான் மூணு தட்டு சாப்பிட்டேன் தங்கச்சி. பந்திக்கப்புறம் இழுத்தா என்னாகும்னு உனக்கே தெரியும். பெலார்மினோ வீடு கடலுக்குள்ள போகல? இன்னிக்கும் அவன் வீட்டு அடுப்புல நண்டு குடியிருக்கு."

எதெல்வினா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பக்கம் பார்த்தால் நாத்தனார் கூரை, அந்தப் பக்கம் தங்கச்சி கூரை. நடுவில், தொந்திமேல் வைத்த தொப்பி மாதிரி இவள் வீடு. சாகிறவரைக்கும் இங்கேயே இருந்து, கீழேயிருந்து வரும் கத்தலுக்குப் பதில் கத்தவேண்டியதுதானா? எலி வளையானாலும் தனி வளை வேண்டுமென்று ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, மிங்கா யாரோடது? கூப்பிட்டவளோடதா, சாப்பாடு போட்டவளோடதா?"

"சாப்பாடு போட்டவளோடது. அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப காலைலேர்ந்து நடந்தது மதினியோட மிங்கா."

ருடெசிண்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருந்துட்டுப் போகட்டுமே. வீட்டை இங்க கொண்டுவரணும்னு நெனச்சேன், வந்துருச்சு. முடிஞ்சுது."

"முடிஞ்சுதில்ல? நல்லா சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"முடிஞ்சுது, முடிஞ்சுது, முடிஞ்சுது. போதுமா?"

"போதும் மதினி." எதெல்வினா எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். "அண்ணே, உங்க எல்லாரையும் என் மிங்காவுக்குக் கூப்பிடறேன். இங்கேருந்து கீழ, செல்மிரா நிலம் வரைக்கும்."

மாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்டோன் வயிற்றைத் தடவினார்.

"நியாயம் உம்பக்கம்தான் தங்கச்சி. வயித்துல எடம்தான் இல்ல."

"செல்மிரா காலைலயே குழி வெட்டிக் கல்லை நெருப்புல காயவச்சுட்டா. சிப்பி ரெண்டு சாக்கு. புகை போட்ட பன்னிக்கறி. கோழி. எல்லாத்தையும் இலை போட்டு மூடி, மேல மண்ணோட பேத்த புல்லுக்கட்டியையும் அமுக்கி வச்சிருக்கா. பிரிச்சாகணும். நீங்க வரலேன்னா அவளும் நானும் மட்டும் உக்காந்து எப்படித் திங்கிறது?"

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. கீழேயிருந்து பன்றிக்கறிப் புகை பொறுமையாகக் குன்றேறி வந்து, பதினான்கு மூக்குகளிலும் ஒவ்வொன்றாக நுழைந்தது.

"ஒரே நாள்ல ரெண்டு மிங்கா" என்றார் அப்டோன் கனவில் பேசுகிறவர் மாதிரி. "எங்கப்பா காலத்துலகூட நடக்கல. ஏய், எந்திரிங்கடா!"

"நான் விடமாட்டேன்" என்ற ருடெசிண்டா விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். "இப்ப இழுங்க, பாப்போம்."

எதெல்வினா ஜன்னலில் தலையை நீட்டினாள். "எறங்குங்க மதினி. இறக்கத்துல குலுக்கும்."

"நீ போயிட்டா நான் யாரு கூடப் பேசுறது?"

"உங்க பசுமாடு இருக்கே."

"அது பதில் பேசாது."

"அதனாலதான் அதுக்கு இன்னும் பால் சுரக்குது."

ஜன்னலுக்கு உள்ளே சிரிப்பு மாதிரி ஒன்று கேட்டது. உடனே இருமலாகிவிட்டது. "எறங்கமாட்டேன்" என்றாள் ருடெசிண்டா.

"அண்ணே, மதினி எறங்கமாட்டாங்களாம்."

"எவ்வளவு எடை இருப்பாங்க?" என்றார் அப்டோன்.

"டேய் அப்டோன்!" என்றது வீடு.

இறக்கத்தில் வீடு ஓடிவிடாமலிருக்கப் பத்து சோடியைப் பின்பக்கம் பூட்டினார்கள். தொந்தியைத் தாண்டும்போது வீடு மூக்கைக் கீழே குத்தியது. கட்டில் பின்சுவரிலிருந்து முன்சுவருக்குப் போயிற்று. ருடெசிண்டாவும் போனாள். வழி நெடுக வீடு பேசிக்கொண்டே வந்தது. இடது பக்கம் பள்ளம் என்றது. அந்தச் செவலை மாடு சோம்பேறி என்றது. நோல்பெர்த்தோ, நேரா நட என்றது. எல்லாம் சரியாகத்தான் சொல்லிற்று. பாதி இறக்கத்துக்கப்புறம் அப்டோனே "அடுத்து எந்தப் பக்கம்?" என்று வீட்டைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

வெயில் சாய்வதற்குள் வீடு செல்மிராவின் மூலையில் போய் உட்கார்ந்தது. குழியைப் பிரித்தார்கள். பந்தி போட்டாயிற்று. எதெல்வினா குன்றைத் திரும்பிப் பார்த்தாள். அது இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது, முழுத் தொந்தியோடு.

கதவைத் திறந்துகொண்டு தலைகலைந்த ருடெசிண்டா வந்து, ஒரு சிப்பியைத் திறந்து வாயில் போட்டுக்கொண்டு புல்லில் சம்மணமிட்டாள்.

"நான் இன்னிக்கு இங்கயே படுத்துக்கறேன். நாளைக்கும்தான். இந்த முட்டியை வச்சுக்கிட்டு எப்படிக் குன்று ஏற?"

"காலைல ஏறினீங்களே."

"குதிரையில வந்தேன். குதிரை உச்சியில நிக்குது."

"குதிரை வரைக்கும் நடக்கலாமே மதினி."

"காலைல கோபம் இருந்துச்சு, அது ஏத்திவிட்டுருச்சு. இப்ப தீந்துபோச்சு."

நோல்பெர்த்தோ "சரி" என்று தொடங்கினான். எதெல்வினா அவன் வாயில் ஒரு கிழங்கை வைத்தாள். பிறகு நுகத்தடியை அவிழ்த்துக்கொண்டிருந்த அப்டோனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு சோடியை மட்டும் அவுக்காதீங்க."

கிழங்கு மூட்டை இழுக்கும் சறுக்கு வண்டியில் ஆட்டுத்தோல் விரித்து, ருடெசிண்டாவை உட்காரவைத்து, மடியில் பன்றிக்கறித் தட்டையும் வைத்தார்கள். செவலை மாடுதான் பூட்டியிருந்தது. வண்டி ஆடி ஆடிக் குன்றேறிற்று.

"இது சோம்பேறி மாடுன்னு சொன்னேன்ல?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமை இதை அனுப்பாதே. வேற சோடியை அனுப்பு."

"எந்த ஞாயித்துக்கிழமை மதினி?"

வண்டி உச்சியைத் தாண்டிவிட்டது. பதில் வந்திருக்கும். இந்தப் பக்கத்துக்குத்தான் கேட்கவில்லை.