புருவம் தூக்கினால் கை தூக்கு

காது சோதனை நாள் என்றால் நர்ஸம்மாவுக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிடும். பள்ளி பள்ளியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பிள்ளைக்கு ஹெட்போனை மாட்டி, எதிரே உட்கார்ந்து பட்டனை அழுத்துவாள். பீப் சத்தம் கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். இன்று நாலாம் வகுப்பு டக் டக்கென்று தூக்கித் தள்ளியதில் அவளுக்கு மனசே குளிர்ந்துபோயிருந்தது.

தூக்காதது ஒரே ஒருத்தி. மெல்லிய குரல்காரி என்பதால் வகுப்பில் அவளுக்குக் குசுகுசு என்று பட்டப்பெயர். ஹெட்போனோடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே சிஸ்டர்!" என்றார் வகுப்பு வாத்தியார். அவர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து எழுதிக்கொள்ளும். "டமாரச் செவிடு. நாளைக்கே காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு மாத்திடலாம். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

குசுகுசுவின் கண் கலங்கிவிட்டது. நர்ஸம்மா பேனாவைத் திறந்தாள். "ஐயோ பாவம்" என்று வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டாள்.

"பாவம்னா கையெழுத்துப் போடாதீங்க சிஸ்டர்," என்றாள் குசுகுசு.

நர்ஸம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் முனகியது தனக்கே சரியாகக் கேட்கவில்லை, இவளுக்கு எப்படிக் கேட்டது? ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிப் பட்டனை அழுத்தினாள். சத்தமே இல்லை. பெட்டியில் செருக வேண்டிய ஒயர் மேசைக்கடியில் தேமே என்று கிடந்தது.

"அப்ப நீங்கல்லாம் எதைக் கேட்டுக் கையைத் தூக்கினீங்க?"

"பட்டனை அமுக்கறப்ப நீங்க புருவத்தைத் தூக்குவீங்க சிஸ்டர். உடனே நாங்களும் தூக்கிடுவோம்," என்றான் முதல் பெஞ்சுக்காரன், பெருமையாக.

நர்ஸம்மாவின் மானம் கப்பலேறியது. வராத சத்தத்துக்கு வகுப்பே கை தூக்கியிருக்கிறது. உண்மையைச் சொன்ன ஒரே பிள்ளையை அல்லவா ஊரைவிட்டு விரட்டப் பார்த்தோம்! அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒயரைச் செருகி, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, குசுகுசுவை மறுபடி உட்காரவைத்தாள். இருப்பதிலேயே சின்னச் சத்தத்துக்கும் கை சட்டென்று எழும்பியது.

வாத்தியார் விடுவதாக இல்லை. "குருட்டாம்போக்கில தூக்கறா சிஸ்டர். வருஷம் பூரா கேள்வி கேட்டிருக்கேன், இவ பதில் ஒண்ணாவது என் காதில விழுந்திருக்கா? பேசாம கையெழுத்தைப் போடுங்க. சோதனைன்னா எப்படி இருக்கணும்னு நான் செஞ்சு காட்டறேன், எல்லாரும் பாத்துக்கட்டும்."

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்தார்.

நர்ஸம்மா அழுத்தினாள். அவர் கை மடியிலேயே இருந்தது. சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஒயரைத் தொட்டுப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. கடைசி பீப் ஹெட்போனையும் தாண்டி முதல் பெஞ்சு வரைக்கும் கேட்டது. முதல் பெஞ்சு மொத்தமும் கையைத் தூக்கியது. நர்ஸம்மாவுக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

சுவரைப் பார்த்தபடியே வாத்தியார் பொறுமையில்லாமல் கத்தினார்.

"என்ன சிஸ்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?"